கஞ்சி போட்ட தோட்டாப் பட்டிகள்

2009இல் எனக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. வேலை நிரந்தரம் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம். அது இருந்தால்தான் கொழும்பில் காத்திருந்த என் மனைவிக்கு விசா கேட்கலாம். முதலாளியோ சினிமாக்காரர்களுக்குப் பழைய துப்பாக்கிகளை வாடகைக்கு விடுகிற வெள்ளைக்காரக் கிழவர். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, படப்பிடிப்பில் சேற்றில் புரண்டு வந்த நான்கு தோட்டாப் பட்டிகளை என் பையில் திணித்தார். இயந்திரத் துப்பாக்கிக்குள் ஓடுகிற, முரட்டுத் துணியில் தைத்த பட்டிகள். தோட்டா செருக ஒவ்வொன்றிலும் இருநூற்றைம்பது குட்டிப் பைகள். திங்கட்கிழமை சுத்தமாக வரவேண்டும், குண்டில்லாத வெற்றுத் தோட்டாக்களை மறுபடி நிரப்பவேண்டும், சரியாக இருந்தால் கடிதத்தைப் பற்றிப் பேசலாம் என்றார்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் அக்கா வீட்டில் இருந்தேன். அந்த வருடம் ஊரில் நடந்த போரின் செய்தி கேட்டுக் கேட்டு அக்காவுக்குத் துப்பாக்கி என்ற பேச்சே ஆகாது. ஆகவே “கம்பனிச் சாமான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பட்டிகளைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். சனி காலை அலசி வைத்துவிட்டு என் சனிக்கிழமைக் கடை வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தால், அன்று அபூர்வமாக அடித்த வெயிலில் பட்டிகள் கொடியில் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தன. அக்கா சோறு வடித்த கஞ்சியில் முக்கியிருந்தாள். அத்தானின் சேட்டு, தலையணை உறை, மேசை விரிப்பு என்று அவள் கையில் அகப்பட்ட எந்தத் துணியும் கஞ்சிக்குத் தப்பியதில்லை. ஆயிரம் பைகளும் ஒட்டி வாயை மூடிவிட்டன. மறுபடி நனைத்தால் லண்டன் ஈரத்தில் திங்களுக்குள் காயாது.

“ஏனக்கா கஞ்சி போட்டனீங்கள்?”

“துணியைக் கஞ்சி போடாமல் வெளியில அனுப்புறதோ? கம்பனிக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. துப்பாக்கி, கடிதம், விசா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா குசினிக்குள் போய் இரண்டு அகப்பைகளோடு வந்தாள். ஒன்றை என் கையில் தந்தாள்.

ஞாயிறு முழுவதும் அகப்பைக் காம்பால் பை பையாகக் குத்தித் திறந்தோம். காய்ந்த கஞ்சி மாவாக உதிர்ந்து அக்காவின் தலையெல்லாம் வெள்ளை. “என்னை ஒரே நாளில கிழவியாக்கிப்போட்டாய்” என்றாள்.

திங்கட்கிழமை கிழவர் ஒவ்வொரு பையாகத் தோட்டா செருகிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றார். குறட்டால் உள்ளே கிண்டி எடுத்தார். ஒரு சோற்றுப் பருக்கை. என்னைப் பார்த்தார். “என் அக்கா” என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் பருக்கையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மிச்சத்தையும் நிரப்பி, துப்பாக்கியில் ஓட்டிப் பார்த்தார். நான்கு பட்டியும் ஓரிடத்திலும் சிக்கவில்லை. பிறகு பேனாவைத் தேடினார்.

வீட்டில் அக்கா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். மடித்துத் தந்துவிட்டுக் கேட்டாள்:

“அதால சுட்டால் ஒருத்தரும் சாகாயினம்தானே?”

“இல்லையக்கா. வெறும் சத்தம்தான்.”

சோறு வடிக்க எழும்பிப் போனவள் குசினி வாசலில் திரும்பினாள்.

“அப்ப கொண்டு வா. அடுத்த முறை கஞ்சியைக் குறைச்சுப் போடுறன்.”