அப்பா சொன்ன கொம்பியூட்டர் படிப்பு

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ காய் தெருவில் உள்ள தமிழ்ப் பலசரக்குக் கடையில் அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மகள் என்ன படிக்கிறா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கொம்பியூட்டர்," என்றார் அப்பா, கொஞ்சமும் தயங்காமல்.

நான் படிப்பது ஸ்காண்டிநேவிய வரலாறும் நோர்வே மொழியும். முதுகலை. வீட்டில் அதைப் பற்றி அப்பா ஒரு கேள்வி கேட்டதில்லை. நாலு பேர் முன்னால் மறைக்கிற அளவுக்கு அது கேவலமா?

"இல்லை அங்கிள், நான் நோர்வே மொழி படிக்கிறன். அப்பாவுக்கு அதைச் சொல்ல வெட்கம்," என்றேன்.

அப்பா வெளியே போனார். லா ஷப்பெல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் அவரை மறித்தேன்.

"என்ர படிப்பிலை உங்களுக்கு என்ன குறை?"

"குறையில்லை, பிள்ளை. நான் முதலிலை அகதியாப் போனது நோர்வேக்குத்தான். வைச்சிருக்க மாட்டம் எண்டு பிளேனிலை ஏத்தித் திருப்பி அனுப்பினவங்கள். பிறகுதான் இஞ்சை வந்தனான். அந்த நாட்டின்ர பேரைச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஆசையாப் படிக்கிறாய். அதைக் கெடுப்பானேன்."

என் கோபம் தணியவில்லை, கூடியது. நான் ரசித்துப் படித்த புத்தகங்களில் அந்த நாட்டின் தாராள மனதுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. அப்பாவைப் போன்றவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆய்வுத் தலைப்பை மாற்றிவிட்டேன். திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். முதல் நேர்காணலுக்கு அப்பாவைக் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் ஓம் சொல்லவில்லை.