ஒரே வரப்புக்கு நான் வைத்த நான்கு பெயர்கள்

1

"டைப்பிஸ்டம்மா, அஞ்சலை நிலத்துக்குப் போக எத்தினி வரப்பு இருக்குது?"

சென்னை உயர்நீதிமன்ற வராண்டாவிலிருந்து எங்கள் வக்கீல் போனில் கேட்டார். விழுப்புரம் ஆபீசில் நான் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன்.

"ஒண்ணுதான் சார். ஏன் சார்?"

"நீங்க டைப் பண்ணதுல நாலு இருக்குதும்மா! எதிர் பார்ட்டி வக்கீல் பக்கம் பக்கமாப் படிச்சுக் காட்டறாரு. ஜட்ஜ் என்னப் பாக்கறாரு. நான் பேஜாராயி நின்னுக்கினு இருந்தேன்."

டப்பாவை அப்படியே மூடி வைத்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கீழ்க் கோர்ட்டில் தமிழில் இருக்கும் சாட்சியத்தையும் பத்திரங்களையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்து, டைப் செய்து, 'டைப்டு செட்' கட்டிச் சென்னைக்கு அனுப்புவது. கடைசிப் பக்கத்தில் 'ட்ரூ ட்ரான்ஸ்லேஷன்' என்று போட்டு, அதன் கீழே நானே கையெழுத்தும் போடுவேன்.

எங்கள் கட்சிக்காரர் அஞ்சலைக்குக் காணை கிராமத்துப் பக்கம் ஒரு ஏக்கர் கரும்பு. ரோட்டுக்கு வர ஒரே வழிதான். பக்கத்து நிலத்துக்காரர் ஓரமாக, டிராக்டர் போகும் அகலத்தில் ஒரு வரப்பு. அவர் திடீரென்று அதில் முள் வெட்டிப் போட்டு, கல்லும் நட்டுவிட்டார். முதல் கோர்ட்டில் அஞ்சலை ஜெயித்தார், அப்பீலில் தோற்றார். அடுத்த அப்பீல் சென்னையில். இதற்கிடையே கரும்பு முற்றி, சர்க்கரை மில்லிலிருந்து, இந்தத் தேதிக்கு வெட்டி அனுப்பச் சொல்லும் கட்டிங் ஆர்டரும் வந்துவிட்டது. வழக்கு முடியும்வரை வழியைத் திறந்துவிட ஒரு இடைக்கால உத்தரவு வேண்டும் என்பதுதான் அன்றைய மனு.

2

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், என் நோட்டில்.

நான் திண்டிவனத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவள். டைப்பில் கை பறக்கும், இங்கிலீஷ் நடுங்கும். முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு பெரிய வக்கீல், எல்லார் முன்னாலும் பேப்பரைத் தூக்கி மேஜையில் போட்டார். "இன்னாம்மா இது, ஒரே வார்த்தையப் போட்டுக்கினே போற? இங்கிலீஷ்ல வேற வார்த்தையே கிடையாதா?" எனக்கு மானம் போயிற்று. அன்று சாயங்காலமே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன்.

பக்கத்துக்கு ஒரு வார்த்தை. மேலே அர்த்தம், கீழே அதே பொருள் தரும் சினானிம்கள், அதற்கும் கீழே அந்த வார்த்தையின் குடும்பம். வழியை மறிப்பதற்கு அப்ஸ்ட்ரக்ட், அப்ஸ்ட்ரக்‌ஷன், அப்ஸ்ட்ரக்டிவ். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் கூட்டேரிப்பட்டு வரைக்கும் நேற்றைய வார்த்தைகள், அதற்கப்புறம் விழுப்புரம் வரைக்கும் புதுசு. "எந்தப் பரிட்சைக்கும்மா படிச்சிக்கினு இருக்கீங்க?" என்று கண்டக்டரே கேட்டிருக்கிறார்.

பொய் சொல்லக் கூடாது, அந்த நோட்டு எனக்குச் சோறு போட்டது. ஜூனியர் வக்கீல்கள் மனு எழுதும்போது, "யம்மா, இதுக்கு இன்னொரு வார்த்தை சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. ஒரு வார்த்தையைப் பக்கத்தில் இரண்டு தடவை போடக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் வைத்துக்கொண்டேன்.

அதே கெத்தில்தான் அஞ்சலையின் சாட்சியத்தையும் டைப் செய்தேன். ஒரு இடத்தில் வரப்புக்கு உரிய வார்த்தையான 'பண்ட்'. அடுத்ததில் மேட்டைக் குறிக்கும் 'ரிட்ஜ்'. பிறகு 'பவுண்டரி'. கடைசியில் நல்ல கனமான வார்த்தையாக இருக்கட்டும் என்று 'எம்பேங்க்மென்ட்'.

எதிர் பார்ட்டி வக்கீல் விடுவாரா? எந்த வழி என்று சாட்சிக்கே தெரியவில்லை, எம்பேங்க்மென்ட் என்றால் ஏரிக்கரை, அந்த அம்மா ஏரிக்கரை வழியாகவே கரும்பைக் கொண்டு போகட்டும் என்று வாதாடியிருக்கிறார். சரியான மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்யச் சொல்லி, வழக்கை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். கட்டிங் ஆர்டர் தேதிக்கு ஐந்து நாள்தான் பாக்கி இருந்தது.

3

மறுநாள் காலையில் அஞ்சலையே ஆபீசுக்கு வந்துவிட்டார். வக்கீல் போனில் விவரம் சொல்லியிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"தப்பு என்னுதுதான் அஞ்சலம்மா. வேற யாரும் பண்ணல."

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. "எனுக்கு வரப்பு நாலுன்னு எழுதிட்டீங்களாமேம்மா. எனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அதுலயும் முள்ளு கெடக்குது. மீதி மூணு எங்க கீதுன்னு வந்து காட்டுங்க, ஜல்தியா கரும்ப ஏத்திக்கினு பூடறேன்."

ஜூனியர் பையன்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

"வெட்டற ஆளுங்கள இப்ப வராதீங்கன்னு சொல்லிட்டு வந்துக்கீறேன். அடுத்து எப்ப வருவாங்களோ. ஆளு கெடச்சாலும் மில்லுக்காரன் திரும்ப தேதி குடுக்கணுமே!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போய்விட்டார்.

4

அன்றே அந்தச் சாட்சியத்தை எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். 'வரப்பு' என்ற சொல்லைப் பென்சிலால் சுழித்துக்கொண்டே வந்தேன். பதினோரு இடம். குறுக்கு விசாரணையில் அவரைத் திருப்பித் திருப்பிக் குழப்பப் பார்த்திருக்கிறார்கள். பாதையா, கரையா, எல்லையா என்று வேறு வேறு வார்த்தையை அவர் வாயில் திணித்திருக்கிறார்கள். "இல்லிங்க, வரப்பு" என்று ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றிருக்கிறார். அத்தனை பேர் எதிரில் அந்த அம்மா விட்டுக்கொடுக்காததை, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

பதினோரு இடத்திலும் 'பண்ட்' என்றே டைப் செய்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

உத்தரவு கிடைத்தது. முள்ளை எடுத்தார்கள், டிராக்டர் வரப்பு மேலேயே போயிற்று. ஆனால் மில் மறு தேதி கொடுப்பதற்குள் கரும்பு பூத்து, காய்ந்து, எடை குறைந்துவிட்டது. அந்த நஷ்டம் முழுக்க முழுக்க என்னால் வந்தது. எங்கள் வக்கீல் இதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. நான்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, நோட்டுப் போடுங்கள், வார்த்தை சேருங்கள். நானும் இன்னும் சேர்க்கிறேன். லெட்டர் எழுதும்போது, மனு எழுதும்போது அள்ளி வீசுங்கள். ஆனால் சாட்சி பதினோரு தடவை ஒரே வார்த்தையைச் சொன்னால், நீங்களும் பதினோரு தடவை ஒரே வார்த்தையைப் போடுங்கள். அலுப்புத் தட்டினால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கரும்பு அவருடையது.