சொல்லாத பெயர்

தொண்ணூறுகளில் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், பிறப்புச் சான்றிதழ் பிரதி கொடுக்கும் கவுண்டரில் நான் வேலை பார்த்தேன். எங்கள் கிறிஸ்தவ சபையின் காரியதரிசியும் நான்தான். ஒரு வருடம் இரண்டு இடத்திலும் பெயர் விவகாரத்தால் என் உயிர் போனது.

சபைச் சுவரில் ஒரு வசனம் எழுத வேண்டும். அதில் 'கர்த்தர்' என்று போடுவதா, 'யெகோவா' என்று போடுவதா என்று மூன்று ஞாயிறு கூடினோம், மூன்று ஞாயிறும் சண்டையோடு கலைந்தோம். பெயின்டர் சாரம் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் யெகோவா கட்சி. கடவுளுக்குப் பெயர் இருக்கும்போது சொல்வதற்கு என்ன வெட்கம்? என் கணவரையே நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் 'கர்த்தர்' என்றே போட வேண்டும் என்று விடவில்லை. "பிள்ளை, எபிரெயத்தில அந்தப் பேருக்கு நாலு மெய்யெழுத்துத்தான் கிடக்கு. யூதர்கள் அதை வாயால சொல்லப் பயந்து, அந்த இடம் வந்தா 'ஆண்டவர்' எண்டு மாத்தி வாசிச்சவை. ஆண்டவருக்கான அந்த எபிரெயச் சொல்லின்ர உயிரொலியை இந்த நாலு எழுத்துக்குள்ள போட்டு வாசிச்சுத்தான் யெகோவா எண்டு வந்தது. கருத்து 'இருக்கிறவர்' எண்டு சொல்லலாம்" என்றார். சொல்லாமல் சொல்லாமல் பெயரையே தொலைத்தார்களா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சலோடுதான் மறுநாள் வேலைக்குப் போனேன். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் பிரதி வேண்டுமாம். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, படிவத்தை நானே நிரப்பினேன்.

"தகப்பன் பேர்?"

"அவுங்கதாங்க."

வரிசை வாசல்வரை நின்றது. "எவுங்க? பேரைச் சொல்லும்மா!" என்று கத்தினேன்.

"புருசன் பேர நான் எப்படிங்க சொல்றது? புள்ளையார் பேருங்க."

ஆளை விட்டால் போதும் என்று 'விநாயகம்' என்று எழுதி, மற்றப் படிவங்களோடு போட்டேன். வாசித்துக்கூடக் காட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் திரும்ப வந்தபோது, அப்படி ஒரு பதிவே இல்லை என்று படிவம் திரும்பி வந்திருந்தது. பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு மறுநாள்தான் கடைசி. அவர் சத்தம் போடவில்லை. "எம்புள்ள பொறந்திருக்குங்களே, எப்படிங்க இல்லாம போகும்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையாருக்கு ஒரு பெயரா இருக்கிறது? ஒவ்வொன்றாகச் சொன்னேன். விநாயகம்? இல்லை. கணபதி? இல்லை. விக்னேஸ்வரன்? அதுவும் இல்லை. கணேசன் என்றதும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்தார்.

புதுப் படிவத்தை நிரப்பும்போது, "தகப்பன் உயிரோட இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க" என்றார். சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது. ஆசிரியர் சொன்ன 'இருக்கிறவர்' எனக்கு ஞாபகம் வந்தது. நானே பதிவேட்டு அறைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டி, சாயங்கால பஸ்ஸுக்கு முன் பிரதியை அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு 'கர்த்தர்' என்றே எழுதட்டும் என்றேன். என் கட்சிக்காரர்கள் முறைத்தார்கள். பெயின்டர், "இனி மாத்த மாட்டீங்களே, மிஸ்?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் தூரிகையை எடுத்தார்.

இன்றும் அந்தச் சுவரைப் பார்த்தால் என்மேல்தான் எரிச்சல் வருகிறது: மரியாதைக்காக ஒருத்தி சொல்லாமல் விட்ட இடத்தில், அவசரத்துக்கு ஒரு பெயரை நானே போட்டு, இருக்கிற மனிதரை இல்லாமல் ஆக்கிவிட்டேனே.