வந்து காட்டித் தாறன்

புதிய மின்சாதனப் பெட்டியைத் திறக்கும்போது ஒரு மணம் எழும். சாமான் உடையாமல் சுற்றி வைக்கும் வெள்ளை 'ரெஜிபோம்' மணம், பிளாஸ்டிக் உறையின் மணம், யாரோ ஒருவரின் சூட்கேஸில் பக்கத்தில் கிடந்து வந்த சவர்க்காரத்தின் மணம், மூன்றும் கலந்தது அது. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த எங்கள் தொடர்மாடியில், உப்புக்காற்றையும் மீறி அந்த மணம் படிக்கட்டில் ஏறி வந்தால் எனக்கு இரண்டு விஷயங்கள் விளங்கிவிடும்: கீழ்வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒரு சாமான் வந்திருக்கிறது, இந்த வருடமும் ரஞ்சன் அண்ணா வரப்போவதில்லை.

பெரியப்பா என் அப்பாவின் தமையன். துறைமுகப் பக்கத்துக் கப்பல் கம்பனியொன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ரஞ்சன் அண்ணா அவர்களின் ஒரே பிள்ளை. நான் பிறப்பதற்கு முன்னரே அவர் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். முதல் வருடங்களில் அவருக்கு அங்கே தங்குவதற்கான 'பேப்பர்' இல்லை, அதனால் வரமுடியவில்லை, அதில் யாரும் குறை சொல்லவில்லை. அவருடைய கலியாணத்துக்குப் போக இவர்களுக்கு விசா கிடைக்கவில்லை, அதிலும் அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. பிறகு அவருக்குப் பேப்பரும் கிடைத்தது, கடவுச்சீட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் சாமான்கள் வரத் தொடங்கின.

அவை தபாலில் வருவதில்லை. "வாற ஆக்களிட்டக் குடுத்து விடுறன்" என்று தொலைபேசியில் சொல்வார். வருகிற ஆள் என்பவர், தன்னுடைய தாயைப் பார்ப்பதற்காகக் கொழும்புக்கு வந்த இன்னொரு வீட்டு மகன். பெரியம்மா அவனை ரஞ்சன் அண்ணாவின் கதிரையில் இருத்தி, சுடச்சுட வடை சுட்டுக் கொடுப்பார். அவன் பெட்டியைக் காட்டி விளக்கம் சொல்லத் தொடங்கினால் அதைக் காதில் வாங்காமல், "அவன் மெலிஞ்சிட்டானோ தம்பி? முடி கொட்டிப் போச்சாம், மெய்யோ?" என்று கேட்பார். வந்தவன் கடிகாரத்தைப் பார்த்தபடி, "அண்ணை அடுத்த வருஷம் கட்டாயம் வாறாராம் அன்ரி" என்று சொல்லிவிட்டு எழும்புவான். அவனுடைய அம்மா அவனுக்காகச் சமைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

வந்த ஒழுங்கில் சொன்னால்: செய்தி பதிகிற தொலைபேசி, 'டிவிடி' பெட்டி, குடும்பப் படங்களைத் தானாக மாற்றிக் காட்டும் மின்சட்டம், கடைசியாக மடிக்கணினி. ஒவ்வொன்றுக்கும் பெரியம்மா சந்தனப் பொட்டு வைத்து, தன் கையால் தைத்த துணியுறை போட்டார். ஒவ்வொன்றிலும் பெரியப்பா தோற்றார்.

அவர் தோற்றதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அந்த வயதிலேயே சகிக்க முடியாததாக இருந்தது. டிவிடி பெட்டியின் விளக்கப் புத்தகத்தைச் சிவப்புப் பேனையால் கோடிட்டுக் கோடிட்டு, பழைய கந்தோர்க் கோப்பைப் படிப்பது போலப் படித்தார். ரிமோட்டின் பொத்தான்களுக்குக் கீழே சின்னச் சின்னத் தமிழ்த் துண்டுகள் ஒட்டினார். அப்படியும் படம் வரவில்லை. தொலைபேசியில் ரஞ்சன் அண்ணாவின் குரல் எனக்கே கேட்டது.

"அப்பா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. மஞ்சள் வயர் மஞ்சள் ஓட்டைக்கை. எத்தினை தரம் சொல்லுறது? இதுகூட விளங்கேல்லையே உங்களுக்கு?"

பெரியப்பா ரிசீவரை மெதுவாக வைத்தார். "லைன் கிளியரில்லை" என்றார் எங்களைப் பார்த்து. லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்த வீட்டுத் தொலைக்காட்சியின் பின்பக்கம் மஞ்சள் ஓட்டை எதுவும் இல்லை என்பதை அவர் மகனுக்குச் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். அதைச் சொல்லி முடிக்க மகன் இடம் கொடுக்கவில்லை. ஒழுங்கை முனையில் இருந்த ரேடியோக் கடைக்காரர் ஒரு சின்ன மாற்றியைப் பொருத்திச் சரிசெய்து கொடுத்தார். என் அம்மா மேலே வந்து, "வயசு போனா மூளை இறுகிப் போடும், என்ன செய்யிறது" என்றார். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைச் சொல்வார்கள்.

பெரியம்மா வேறு மாதிரி. அவர் முயற்சியே செய்யவில்லை. ரிமோட்டைக் கையில் கொடுத்தால் சூடான சட்டியைத் தொட்டது போலத் திருப்பித் தந்துவிடுவார். "எனக்கு உந்தக் கோதாரியள் விளங்காது" என்பார். ஒருமுறை ரஞ்சன் அண்ணா அதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்து, "விடுங்கோ அம்மா, நான் வந்து காட்டித் தாறன்" என்றார். அன்று பெரியம்மா அந்த வசனத்தை மேல்வீட்டுக்கும், பக்கத்து வீட்டுக்கும், காவலாளிக்கும்கூடச் சொல்லிவிட்டார். "ரஞ்சன் வரப்போறான். வந்து எனக்கு உதெல்லாம் காட்டித் தாறானாம்."

அதற்குப் பிறகு ஒரு பிற்பகல். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் கதவு பூட்டியிருந்தது, திறப்பு வாங்கக் கீழே போனேன். பெரியப்பா கோயிலுக்குப் போயிருந்தார். பெரியம்மா கதவைத் தாழிடாமல், கதிரையைத் தொலைக்காட்சிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, எனக்கு முதுகு காட்டி இருந்தார். திரையில் ரஞ்சன் அண்ணாவின் கலியாண வீடியோ. ரஞ்சன் அண்ணா யாரோ ஊட்டிய பலகாரத்தை வாயில் வைத்தபடி சிரிக்கும் இடத்தில் படம் நின்றது. பின்னுக்குப் போனது. திரும்ப ஓடியது, அதே இடத்தில் நின்றது. பிறகு அவர் முகம் மட்டும் திரை நிறையப் பெரிதானது. படத்தைப் பெரிதாக்கும் பொத்தான் அந்த ரிமோட்டில் இருப்பது எனக்கே அதுவரை தெரியாது.

என் சப்பாத்துச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், ரிமோட்டை என் பக்கம் நீட்டினார். "இது என்னெண்டு பார் பிள்ளை. தானா நிண்டு போச்சு."

நான் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்துவிட்டு மடியில் வைத்தார். பிறகு, சோறு போடவோ என்று கேட்கிற அதே குரலில் சொன்னார்:

"நான் பழகிட்டன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. வந்து காட்டித் தாறன் எண்டு சொன்னவன்."

நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் மின்சட்டம் வந்தது, அதைக் கொண்டுவந்தவன் வேறொரு வீட்டு மகன். அதில் ரஞ்சன் அண்ணாவும் மனைவியும் பிள்ளைகளும் ஒரு வெள்ளைக் கடற்கரையில் நின்றார்கள். "இது எங்கட கோல்ஃபேஸ் கடற்கரை மாதிரியும் இல்லை" என்றார் பெரியம்மா. கியூபா என்று தொலைபேசியில் தெரிந்தது. பெரியப்பா அலுமாரியிலிருந்து தேசப்படத்தை எடுத்து, விரலால் கடலைக் கடந்து, அந்த நாட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். "ரொறன்ரோவிலயிருந்து கிட்டத்தான்" என்று சமாதானம் சொன்னார். பெரியம்மா சட்டத்துக்கு உறையைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனார்.

மடிக்கணினி வந்த வருடம், அதில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா முழுக்கை சேர்ட் போட்டு, திருநீறு பூசி, கடவுச்சீட்டுப் படத்துக்கு இருப்பது போல விறைப்பாக உட்காருவார். அழைப்பை எடுக்கத் தெரியாமல் ஒவ்வொரு வாரமும் தடுமாறுவார். பெரியம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், கை வைக்கமாட்டார். எந்த இடத்தில் அழுத்தவேண்டும் என்று அவர் கண்கள் திரையில் போய் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

பெரியப்பா திடீரென்று, ஒரு மழைக்காலத்தில், களுபோவில ஆஸ்பத்திரியில் இறந்தார். ரஞ்சன் அண்ணாவுக்கு லீவு கிடைக்கவில்லை, விமான ரிக்கெற் கிடைக்கவில்லை, கடைசிப் பிள்ளைக்குச் சுகமில்லை. காரணங்கள் ஒவ்வொரு அழைப்பிலும் மாறின. கொள்ளி வைப்பது என் கூடப்பிறந்த அண்ணா என்று முடிவாகியது. பெரியப்பாவை வைத்திருந்த மலர்ச்சாலையில், அவர் கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, அதன்மேல் மடிக்கணினியை வைத்தார்கள். ரொறன்ரோவில் அவர் காத்துக்கொண்டிருந்தார். ஆனால் இணைப்பு வரவில்லை. சித்தப்பாமாரும் மாமாமாரும் குனிந்து நின்று ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினார்கள். ஐயர் நேரமாகிறது என்றார்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த பெரியம்மா எழும்பினார். அவர்களை விலக்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்ற ஊழியப் பையனிடம், "மல்லி, பிளக் எக கோ?" என்று சிங்களத்தில் பிளக் இருக்கும் இடத்தைக் கேட்டார். அவன் காட்டிய இடத்தில் வயரைச் செருகினார். கணினியை நிறுத்தித் திரும்ப இயக்கினார். கடவுச்சொல்லைத் தட்டினார். வாடகைக்கு வாங்கியிருந்த இணையக் குச்சியைக் கழற்றி அடுத்த ஓட்டையில் போட்டார். அழைப்புப் போனது, ரஞ்சன் அண்ணாவின் முகம் வந்தது. பெரியம்மா இரண்டு கைகளாலும் திரையைச் சரித்து, மகன் தகப்பனின் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தார்.

"கொஞ்சம் கீழ அம்மா. ஆ, இப்ப வடிவாத் தெரியுது" என்றது கணினி. பிறகு அழுகைக்கு நடுவில், "உங்களுக்கு இது பழக்கமே?"

"ஓம் தம்பி" என்றார் பெரியம்மா. "எல்லாம் பழகிட்டன்."

பின்னால் யாரோ, "பாருங்கோ, அக்கா எவ்வளவு கெட்டிக்காரி" என்று மெச்சினார்கள். எங்கள் அம்மாதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு பெரியம்மா இருந்த காலம் முழுவதும் எந்தப் பொத்தானுக்கும் யாரையும் கூப்பிடவில்லை. ரஞ்சன் அண்ணாவை வா என்றும் கேட்கவில்லை. பெரியம்மாவின் செத்தவீட்டுக்கும் கதிரையில் கணினிதான் வந்தது. அன்று அதை இயக்கியது நான்.

இப்போது நான் ஒரு மென்பொருள் கம்பனியில், ஆட்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதும் வேலை செய்கிறேன். முதியவர்களுக்குப் புதிது ஏறாது, அவர்களுக்காகப் பொத்தான்களைக் குறைக்கவேண்டும் என்று கூட்டங்களில் பேசுவார்கள். குறிப்பில் அதை எழுதிக்கொள்வேன். அவர்கள் கண்டது பெரியம்மாவை அல்ல, பெரியப்பாவைக்கூட அல்ல, மூளை இறுகிப் போடும் என்று என் அம்மா சொன்ன அந்த வசனத்தை மட்டும்தான்.

போன மாதம் ரஞ்சன் அண்ணா வந்தார், சிநேகிதரின் மகளுடைய கலியாணத்துக்கு. தலையில் முடி மெய்யாகவே இல்லை. நாங்கள் இப்போது இருக்கும் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, கைபேசியை என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, இந்த ஊர் டாக்சி 'ஆப்' எனக்கு விளங்கேல்லை. ஒருக்காக் காட்டித் தாரும்." பழைய வீட்டைப் பார்க்கப் போகவேண்டுமாம். போகும் இடத்தில் தொடர்மாடியின் பெயரைத் தட்டியிருந்தார். அப்படியொரு இடம் இல்லை என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டை அவர்தான் ரொறன்ரோவில் இருந்தபடி, அங்கே கையெழுத்து வைத்து விற்றவர். வாங்கியவர்கள் எங்கள் வீட்டையும் மற்ற வீடுகளையும் சேர்த்து வாங்கி, தொடர்மாடி முழுவதையும் இடித்துவிட்டார்கள். ரேடியோக் கடையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்த அந்த மென்பொருளும் இல்லை. ஒழுங்கையின் பெயரைத் தட்டிக் கொடுத்தேன். அங்கே இறங்கினால் எதிரில் கண்ணாடி வைத்த பெரிய மாடி தெரியும், வாசலில் நிறுத்தி உங்களுக்கு ஆரைப் பார்க்கவேணும் என்று கேட்பார்கள் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.