கடலைக் கட்டையடியில் உட்கார வைத்த கதை

போன வாரம் குயிலாப்பாளையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரில் கண்ணாடி போட்ட ஒரு கடை. உள்ளே போனேன், வாங்குவதற்கு இல்லை, ஏசிக்கு. வாங்குகிற ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இதெல்லாம் அனுபவத்தில் வருவது.

ஒரு அலமாரி முழுக்க உப்பு. சின்னச் சின்னத் துணிப்பைகள், சணல் கயிறு, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. பல தேசத்து உப்பாம். அட்டையில் அந்தந்த தேசத்துக் கதை. ஒரு குளிர் தேசத்தில், கடலடியில் ஒரு மந்திரத் திருகை நிற்காமல் உப்பை அரைத்துக்கொண்டே இருக்கிறதாம். நிறுத்துகிற வித்தை யாருக்கும் தெரியவில்லையாம். இன்னொரு தேசத்தில் உப்பு ஒரு கிழவி. மரியாதை கொடுக்காத ஊரைவிட்டு எழுந்து போய்விட்டாளாம். அந்தக் கிழவியை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

கடைசி வரிசைப் பைகளில் மரக்காணம் என்று இருந்தது. எங்கள் ஊர். அட்டையைப் படித்தேன். ‘உப்பு கடலம்மாவின் தலைமகள். கடலம்மாவும் பெண்களைப் போலவே மாதந்தோறும் பொங்குகிறவள். உப்பளப் பெண்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவரும் தொன்மம் இது.’ கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சிரித்து முடிக்க வேண்டும் அல்லவா. ஆயிரம் ஆண்டாம். இந்தத் தொன்மம் பிறந்த நேரம் எனக்குத் தெரியும். ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி சுமாருக்கு. பெற்றவள் நான்.

பையை முகர்ந்து பார்த்தேன். உப்புக்கு வாசனை கிடையாது என்று, உப்பளத்தில் வேலை செய்யாதவர்கள் சொல்வார்கள். ஈரச் சாக்கும் சேறும் கலந்த ஒரு வாடை உண்டு. அது என்னைப் பத்தொன்பது வயதில் கொண்டுபோய் நிறுத்தியது. பிளஸ் டூவில் கணக்கு என் காலை வாரிவிட்டிருந்தது. அதனால் பலகையைப் பிடித்து உப்பு வாரப் போனேன்.

அப்போது பாத்தி ஓரத்தில், ரோட்டைப் பார்த்தாற்போல, ஒரு சவுக்குக் கட்டை நட்டிருக்கும். தூரமான பெண் மூன்று நாளும் பாத்தியில் கால் வைக்கக் கூடாது; அந்தக் கட்டையடியில்தான் உட்கார வேண்டும். லாரிக்காரர், மீன் கூடைக்காரர், சைக்கிளில் போகிற வாத்தியார், எல்லோருக்கும் நம் தேதி மனப்பாடம். “இன்னைக்கு கட்டையில யாருடா?” என்று லாரி கிளீனர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். ஏன் இந்த வழக்கம் என்றால் மேஸ்திரியிடம் ஒரு கதை இருந்தது. பாத்திக்குள் ஒரு முனிவர் தவம் இருக்கிறாராம். தீட்டுக் காலோடு பெண் இறங்கினால் எழுந்து போய்விடுவாராம், உப்பு கசந்துவிடுமாம்.

நான் யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிடுவேன். வீரம் எல்லாம் இல்லை, வெட்கம்தான். மூன்று மாதம் உப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காவது மாதம் நாலாம் பாத்தி உப்பு கசந்துவிட்டது. ஒரு கல்லை வாயில் போட்டுப் பார்த்தேன், உடனே துப்பினேன். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள்தான், ஆனாலும் அந்த முனிவர் என்னால்தான் எழுந்து போனார் என்று முழுசாக நம்பினேன். இப்போது நினைத்தால் என்னையே இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

நம்பிக்கையைக் கலைத்தவர் ஜமீலாக்கா. சாக்குத் தைக்கிறவர் என்பதால் தினமும் கட்டையடியில்தான் அவருக்கு வேலை. அவர் கண்ணில் படாதது கிடையாது. “அடி பைத்தியம்,” என்றார் மெதுவாக. “உப்பு வாரின பொறவு மிச்சம் நிக்கிற கசப்புத் தண்ணிய தொறந்து வெளிய வுடணும்ல? இந்த வாட்டி மேஸ்திரி வுடவே இல்ல. அவசரத்துல அது மேலயே புதுத் தண்ணிய பாய்ச்சிட்டாரு. நான் இங்கதான ஒக்காந்துருக்கேன்.”

செவ்வாய்க்கிழமை காலை மேஸ்திரி எங்களை வரப்பில் வரிசையாக நிற்க வைத்தார். “எவளோ மறைச்சிட்டு எறங்கியிருக்கா,” என்று சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்தார். “நாலு மாசமா நீ கட்டைக்கே வரல. இன்னாம்மா, சாமியாரா பூட்டியா?” கிளீனர்கள் சிரித்தார்கள். அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தினால் இந்தக் கடற்கரையில் வேறு எந்த உப்பளமும் சேர்க்காது. உப்பைக் கெடுத்தவள் என்ற பேர் எனக்கு மட்டுமா, அடுத்த வருஷம் வேலைக்கு வர இருந்த என் தங்கைக்கும் சேர்த்துத்தான்.

கசப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பாத்தித் தண்ணீரைப் பற்றி மேஸ்திரிக்கே பாடம் நடத்துகிற பத்தொன்பது வயதுப் பெண்ணை யார் நம்புவார்கள்? ஜமீலாக்காவும் மாட்டிக்கொள்வார். மேஸ்திரியிடம் இருந்தது ஒரு கதை. என்னிடமும் ஒன்று இருந்தால் தேவலை என்று பட்டது. இல்லை. அதனால் நின்ற இடத்திலேயே உண்டாக்கினேன்.

“ஆமா, எறங்குனேன்,” என்றேன். “உப்பு யாரு பொண்ணு? கடலம்மா பொண்ணு. அந்தக் கடலம்மா மாசாமாசம் பௌர்ணமிக்குப் பொங்குறாளே, அவளுக்கு எவன் கட்ட நட்டான்? அந்தத் தண்ணிதான உங்க பாத்திக்கு வருது? மொதல்ல அத இட்டாந்து கட்டகிட்ட ஒக்கார வெய்யுங்க. பொறவு நான் ஒக்கார்றேன்.”

தொலைந்தேன் என்று நினைத்தேன். அப்போது எங்களில் மூத்தவரான கோவிந்தம்மாக்கா, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர், கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எங்கம்மா இதயேதான் சொல்லும்,” என்றார். பச்சைப் பொய். ஜமீலாக்கா ஊசியை நிறுத்தினார். “எங்க அத்தாகூட சொல்வாரு, உப்புல பரக்கத்து, பெருக்கம் எல்லாமே பொம்பள கால்பட்டாத்தான்னு.” அதுவும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பிறந்த என் கதைக்கு அதற்குள் தாய்வழி, தந்தைவழி எல்லாம் வந்துவிட்டது.

கடலம்மா பேரைக் கேட்டதும் மேஸ்திரிக்குக் குரல் இறங்கியது. பயந்த சுபாவம், பாவம். “நாலாம் பாத்திய சுத்தமா தொறந்து வுட்டு, புதுத் தண்ணி பாய்ச்சுங்க,” என்றேன். “எனக்கு நாள் வந்ததும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே எறங்குறேன். கசந்தா நானே போயிடறேன்.” நாள் வந்தபோது அப்படியே சொல்லிவிட்டு இறங்கினேன். கிளீனர்கள் அன்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி குடித்தார்கள்.

அடுத்து வாரிய உப்பில் ஒரு கல்லை எடுத்து மேஸ்திரி நாக்கில் வைத்தார். துப்பவில்லை. கோவிந்தம்மாக்கா போய்க் கட்டையைப் பிடுங்கி டீ அடுப்பில் சொருகினார். உப்பில் ஊறிய கட்டை, எரியாமல் புகைந்து தள்ளியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு புகை நாறும் டீயை எல்லோரும் குடித்தோம்.

கடல் ஏன் கரிக்கிறது என்று தெரியாதபோது ஒரு திருகையையோ கிழவியையோ முனிவரையோ வைத்து மனுஷர்கள் அந்த ஓட்டையை அடைத்துக்கொள்கிறார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான், அழகாகவும் இருக்கிறது. எனக்கு அதில் சண்டையே இல்லை. உன் ஓட்டையை அடைக்க என்னைப் பிடித்து இழுக்காதே, அவ்வளவுதான்.

மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். கோவிந்தம்மாக்காவும் இல்லை. ஜமீலாக்கா கல்ஃபில் மகனோடு இருக்கிறார். நாலாம் பாத்தி தூர்ந்து புல் முளைத்துக் கிடக்கிறது. இன்று உப்பு வாருகிற பெண்களிடம் கட்டை என்றால் எந்தக் கட்டை என்று கேட்பார்கள். தெரிய வேண்டாம். இப்படிப்பட்டது ஒழிந்ததற்கெல்லாம் பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை.

இப்போது அந்தக் கடைசி வரி. ‘எனவேதான் அம்மூன்று நாட்களில் பெண்கள் உப்பில் இறங்காமல், விலகி அமர்ந்து கடலம்மாவை வணங்குகின்றனர்.’

சிரிப்பு நின்றுவிட்டது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கட்டையைப் பிடுங்கிய கதையை வைத்தே எவனோ மறுபடி கட்டையை நட்டிருக்கிறான்.

“ஏதாவது வேணுங்களா ஆன்ட்டி?” கல்லாவில் இருந்த பெண் கேட்டாள்.

“பேனா இருக்குதாம்மா?”

கொடுத்தாள். ஒவ்வொரு பையாக எடுத்து அந்த வரியை அடிக்க ஆரம்பித்தேன். ஓடி வந்தாள். “ஐயோ, இன்னா பண்றீங்க? ஓனர் திட்டுவாருங்க.”

“திட்டுனா, இந்தக் கதைய சொன்னவளே வந்து திருத்திட்டுப் போனான்னு சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். அட்டையை வாங்கி, அடித்த வரியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். “இதுலயும் இருக்குதுங்க.”

அடித்து முடிப்பதற்குள் என் பஸ் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். கதவோரமாக, ரோட்டைப் பார்த்தாற்போல இருந்த ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னாள். அதை இழுத்துக் கடைக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.