கார்னீலியஸ் பாடினால் தண்டவாளம் நகரும்

அலபாமாவின் அந்த ரயில் பாதையில் எட்டுக் கறுப்பர்கள் கடப்பாரையோடு வேலை செய்தார்கள். ஒன்பதாவது ஆளான கார்னீலியஸிடம் கடப்பாரை இல்லை, தொண்டைதான் இருந்தது.

வண்டிகள் ஓடி ஓடித் தண்டவாளம் கோணிப்போகும். மேஸ்திரி தூரத்தில் குந்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கை காட்டுவார். கார்னீலியஸ் இரண்டு வரி பாடுவான். கடப்பாரைகள் தாளம் தட்டும். கடைசித் தட்டில் எட்டுப் பேரும் ஒன்றாக நெம்புவார்கள். ஒருவர் பிந்தினாலும் இரும்பு அசையாது.

அவன் பாட்டெல்லாம் கேலிதான். சிரிப்பவனுக்கு முதுகுவலி தெரியாது என்பான். ஒரே ஆளை அடுத்தடுத்துக் கேலி செய்து பாடினால், "சரக்கு தீந்துபோச்சு டோய்!" என்று மற்றவர்கள் கத்துவார்கள். அதனால் பதினெட்டு வருடமாக, நெம்பும் இடத்துக்கு ஒரு ஆளாக மாற்றிக்கொண்டே இருந்தான்.

அந்த வியாழக்கிழமை எல்ஜின் வேலைக்கு வந்தார். எட்டுப் பேரில் அவர்தான் மூத்தவர். அவர் மனைவி லுவீனியாவைப் புதைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் முன்னால் கேலி பாட கார்னீலியஸுக்கு வாய் வரவில்லை. தேவாலயப் பாட்டு ஒன்றை இழுத்து இழுத்துப் பாடினான். அந்த இழுப்பில் தட்டு எங்கே விழுகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஆளுக்கொரு நேரத்தில் நெம்பினார்கள். மூன்று முறை முயன்றும் தண்டவாளம் அப்படியே கிடந்தது.

"என்ன இது, சாவு வீடா?" மேஸ்திரி கத்தினார். "மத்தியான வண்டி வர்றதுக்குள்ள நேராகலன்னா நாளைக்கு வேற பாட்டுக்காரன் வருவான்!"

எல்ஜின் கார்னீலியஸ் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவ ரொட்டியப் பத்திப் பாடுவியே, அதப் பாடு."

"எப்படிண்ணே பாடுவேன்?"

"தினமும் கேப்பாடா, 'இன்னைக்கு அந்தப் பய என்னை என்ன சொன்னான்'னு. சொன்னா அடுப்படியில நின்னு சிரிப்பா. நீயும் அவள விட்டுட்டா அப்புறம் யாருடா அவளப் பத்திப் பேசுவா?"

கார்னீலியஸ் தொண்டையைச் செருமினான்.

"லுவீனியா சுட்ட ரொட்டி, கல்லு மாதிரி கெட்டி!
எல்ஜின் அண்ணன் கடிச்சாரு, பல்லு போச்சு எட்டி!"

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். கடப்பாரைகள் ஒரே சத்தமாகத் தட்டின. எல்ஜினின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, ஆனால் அவர் கை பிந்தவில்லை. தண்டவாளம் முனகிக்கொண்டு நகர்ந்தது.

அடுத்த இடத்திலும் அவன் லுவீனியாவையே பாடினான். அதற்கடுத்த இடத்திலும் அவளேதான். அவள் தொப்பி, அவள் கோழி, அவள் குறட்டை. சரக்கு தீர்ந்தது என்று அன்று ஒருவரும் கத்தவில்லை.

மத்தியான வண்டி நேரான பாதையில் கடகடவென்று போனது. ஓரமாக ஒதுங்கி நின்றபோது எல்ஜின் அவன் பக்கம் சாய்ந்தார்.

"அவ மூக்கு பெருசுன்னு பாடினியே, அது பொய்டா."

"பாட்டுக்கு வேணும்ல, அண்ணே."

"சின்ன மூக்கு அவளுக்கு," என்று சொல்லி, எவ்வளவு சின்னது என்று இரண்டு விரலால் காட்டினார்.