‘பெரிய’ என்றால் என்ன சார்?

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைப்பது கத்திரிக்காய் விற்பதைவிடக் கஷ்டம். கத்திரிக்காய் திருப்பிக் கேள்வி கேட்காது. எட்டாவதோடு படிப்பை விட்டு, திருவண்ணாமலை மார்க்கெட்டில் பேரம் பேசியே ஆளானவன் நான். எழுபதுகளின் கடைசியில் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு ஷெட் பிடித்து, பாலர் வகுப்பு தொடங்கினேன். ஐந்து வயசுக் கூட்டத்திடம் மாட்டியவர்களுக்கு என் பாடு புரியும்.

ஜன்னல்

‘பெரிய’ என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். குடத்தையும் டம்ளரையும் மேசைமேல் வைத்து, “எது பெருசு?” என்றேன். மொத்த வகுப்பும் ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டியது. “ரூமுக்குள்ள இருக்கறதச் சொல்லுங்கடா!” என்று மேசையைக் குத்தினேன். குடம் உருண்டு என் கால்மேலேயே விழுந்தது. பூக்கடைக்காரர் மகன் முருகன் பொறுமையாகச் சொன்னான்:

“அப்படின்னா ஜன்னலச் சாத்திட்டுக் கேளுங்க சார்.”

எலுமிச்சம்பழம்

மறுநாள் ஜன்னலைச் சாத்திவிட்டேன். கொட்டைப்பாக்கு பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்ததும், “பழம் பெருசு!” என்று கத்தினார்கள். பாக்கை எடுத்துவிட்டுப் பூசணிக்காயை வைத்து, “இப்ப பழம் சின்னது” என்றேன்.

தையல்காரம்மா மகள் நசீமாவின் முகம் வாடிவிட்டது. வகுப்பிலேயே குள்ளம் அவள்தான். “இப்பதான பெருசுன்னீங்க? அதுக்குள்ள அது என்ன தப்பு பண்ணுச்சு?” என்றாள். “பழம் மாறல கண்ணு. பக்கத்துல எது இருக்குன்னு பாரு” என்றேன். யோசித்தாள்.

“அப்ப பூசணிய எடுத்துடுங்க சார், பாவம்.”

காது

ஜூனில் நசீமாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, கைக்குழந்தையோடு வந்த அவள் அம்மாவுடன் நானும் அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். “இந்த வருஷம் எடுத்துக்கலன்னா, தம்பியப் பாத்துக்கினு ஊட்லயே இருக்கட்டும் சார். படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம். நான் மெஷின்ல உக்காரணும்ல” என்று வழியிலேயே சொல்லிவிட்டார் அந்தம்மா.

பிறந்த தேதிக்கு அப்போது யாரிடம் சீட்டு இருந்தது? வலது கையைத் தலைக்குமேல் போட்டு இடது காதைத் தொட்டால் ஐந்து வயசு. நசீமாவுக்கு எட்டவில்லை. “ரொம்பச் சின்னதா இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார் ஹெட்மாஸ்டர். “வயசு ஆயிடுச்சு சார், வளத்திதான் கம்மி!” என்று என் குரல் ஏறியது. “கத்தாதீங்க, இது மார்க்கெட் இல்ல” என்றார்.

நசீமா தம்பியின் கையைப் பிடித்து அவன் தலைமேல் வைத்தாள். அது உச்சந்தலையைக்கூடத் தாண்டவில்லை. “என்னைய பூசணி பக்கத்துல வச்சுப் பாக்கறீங்க சார். இவன் பக்கத்துல வச்சுப் பாருங்க” என்றாள். ஹெட்மாஸ்டர் குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

“பேர் என்னம்மா?”

மார்க்கெட்டில் யாரிடமும் தோற்காத என் வாய்க்குப் படியாத பேரத்தை முடித்தவளுக்கு, காது என்னவோ மறுவருஷம்தான் எட்டியது.